மணிக்கு ரயிலில் இடம் கிடைக்குமா? சுண்ணாம்புக்குளம் முதல் சூரிச் வரை நாய்களுக்குத் திறக்கும் கதவுகளும் மூடும் கதவுகளும்

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது சுண்ணாம்புக்குளம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். இறாலையும் நண்டையும் மடவையையும் நம்பிப் பிழைக்கும் ஏரிக்கரை ஊர்களில் ஒன்று. இந்த மாதிரி ஊர்களில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்ற போர்டைத் தேடினால் கிடைக்காது. காயப்போட்ட வலைக்குப் பக்கத்தில் நாய் படுத்திருக்கும். படகு கரை தட்டினால் முதல் ஆளாக எழுந்து போகும். டீக்கடை பெஞ்சுக்கு அடியில், கோயில் திருவிழாப் பந்தலில், பள்ளிக்கூட வாசலில், எங்கும் அதற்கு ஓர் இடம் இருக்கும். யாரும் கூப்பிடுவதும் இல்லை. 'போ' என்று விரட்டினால் நாலடி தள்ளிப் போய்ச் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். பெயர் மணி. தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் நின்று 'மணி' என்று குரல் கொடுத்தாலும் ஒரு நாயாவது திரும்பிப் பார்க்கும் என்பதால் இந்தப் பெயர். மணி கற்பனைதான். ஆனால் இனி அது சந்திக்கப்போகும் விதிகள் எல்லாம் நிஜம்.

மணிக்குச் சோறு வைக்கும் வீட்டில், பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னைக்குக் குடிபெயர முடிவெடுக்கிறார்கள். மணியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். சரி, கும்மிடிப்பூண்டி போய் மின்சார ரயில் ஏறலாம்.

முதல் கதவே மூடியிருக்கிறது. ரயில்வே விதிப்படி நாயை உடன் அழைத்துச் செல்ல வேண்டுமானால் முதல் வகுப்பில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுவதுமாகப் பதிவு செய்ய வேண்டும். மற்றபடி பெரிய நாய்கள் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் தனியாகத்தான் பயணிக்க வேண்டும். கூடைக்குள் அடங்கும் குட்டி என்றால் கட்டணம் கட்டி எந்த வகுப்பிலும் கொண்டுபோகலாம். ஏசி டூ டயர், த்ரீ டயர், ஸ்லீப்பர், சேர் கார், இரண்டாம் வகுப்பு எதிலும் வளர்ந்த நாய்க்கு இடமில்லை. சென்னை புறநகர் ரயிலில் மீன் கூடைகளோடு வரும் வியாபாரிகளுக்குத் தனிப் பெட்டியே உண்டு. கூடை ஏறலாம், கூடையைச் சுற்றிச் சுற்றி வந்த மணி ஏற முடியாது. சென்னை வந்து மெட்ரோவில் போகலாம் என்றால், அங்கும் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

தர்மருக்கே இந்தப் பிரச்னை வந்திருக்கிறது. மகாபாரதத்தின் முடிவில், சொர்க்கத்துக்கு அழைத்துப் போகத் தேரோடு வந்த இந்திரன், கூடவே வந்த நாய்க்கு இடமில்லை என்கிறான். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தர்மர் நின்றுவிடுகிறார். கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் அப்படி நின்றால் அடுத்த வண்டியும் போய்விடும்.

வேன் பிடித்தாவது மணி சென்னை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அது 'தெருநாயா, வளர்ப்பு நாயா' என்ற கேள்வி வருகிறது. சுண்ணாம்புக்குளத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஒரு வீடு சோறு வைக்கும், இன்னொரு வீட்டுத் திண்ணையில் தூங்கும், ஊருக்கே காவல் இருக்கும். மத்திய அரசின் 2023-ம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள்கூட இப்படிப்பட்ட நாய்களைத் 'தெரு' நாய் என்று சொல்லாமல் 'சமுதாய விலங்கு' என்கின்றன. ஆனால் மாநகராட்சிக்கு இரண்டில் ஒரு பதில் வேண்டும்.

வளர்ப்பு நாய் என்றால் உரிமம் வேண்டும். ஆண்டுக் கட்டணம் வெறும் 50 ரூபாய். ஆனால் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் உரிமம் கிடைக்காது. பொது இடத்துக்கு அழைத்து வந்தால் கழுத்தில் கயிறும் வாயில் மூடியும் கட்டாயம். நாய்க்கு மைக்ரோசிப்பும் பொருத்த வேண்டும். இந்த விதிகளில் பல ஏட்டில் எப்போதோ இருந்தவை. அவற்றுக்கு உயிர் வந்தது 2024 மே 5-ம் தேதிக்குப் பிறகு. அன்று இரவு ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் விளையாடிக்கொண்டிருந்த 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்தப் பூங்காவின் காவலாளி மகள் அவள். பூங்காவே அவளுக்கு வீடு. அந்த வீட்டுக்குள் கயிறு இல்லாமல் வந்தவை நாய்கள் மட்டும்தானா, அவற்றை அழைத்துவந்தவரின் பொறுப்பும்தானே என்று ஊரே கேட்டது.

2025 நவம்பரில் உரிமம் இல்லாத நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. உரிமம் எடுக்க முகாம்களில் கூட்டம் அலைமோத, கெடு தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிய உரிமம் கிடையாது என்ற முடிவும் வந்தது.

தெருநாய் என்றாலோ நிலைமை இன்னும் சிக்கல். 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.81 லட்சம் தெருநாய்கள். 2018-ல் எடுத்த கணக்கில் இது 57,366-ஆக இருந்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடலாம் என்றது. நவம்பர் 7-ல் இன்னோர் உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிபடும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது. மணி ரயிலில் ஏற முடியாதது இருக்கட்டும், இனி அந்தப் பிளாட்பாரத்தில் படுக்கவும் முடியாது.

அபார்ட்மென்ட் கதை தனி. வாடகைக்கு வீடு பார்த்தால் 'நாய் இருக்கா?' என்பதும் இப்போது சாதி, சாப்பாட்டு விசாரணைகளோடு சேர்ந்துவிட்டது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது, லிஃப்டிலும் பூங்காவிலும் நுழையக் கூடாது என்று சொல்ல முடியாது என்று தெளிவாக இருக்கிறது. பூங்காவுக்கு நேரம் மட்டும் ஒதுக்கலாம். ஆனால் லிஃப்டில் பக்கத்து வீட்டம்மா முகம் சுளிக்கும்போது எந்த வழிகாட்டுதலும் உதவுவதில்லை.

நாய்க்கும் அரை டிக்கெட்

இப்போது மணியை விமானம் ஏற்றுவோம். இந்தியாவுக்குள்ளேயே 2022 நவம்பர் முதல் ஆகாசா ஏர் சிறிய செல்லப் பிராணிகளைப் பயணிகள் கேபினில் அனுமதிக்கிறது. ஆனால் கூண்டோடு சேர்த்து எடை வரம்பு உண்டு. மணி சற்று இளைக்க வேண்டியிருக்கும்.

ஈழத் தமிழர்கள் ஏராளமாக வாழும் சுவிட்சர்லாந்தில் இறங்கினால் ரயில் கதவு திறந்திருக்கும். கூடையில் அடங்கும் சிறிய நாய் கைப்பை மாதிரி, இலவசம். பெரிய நாய்க்கு இரண்டாம் வகுப்பில் அரை டிக்கெட். அடிக்கடி பயணிக்கும் நாய்க்கு ஆண்டு முழுவதற்குமான பாஸ்கூட விற்கிறார்கள். உணவகத்தில் மேசைக்கு அடியில் நாய் படுத்திருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் சுண்ணாம்புக்குளத்து டீக்கடை பெஞ்சுதான் நினைவுக்கு வரும்.

வித்தியாசம் நாயின் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே பிறக்கும் ஒவ்வொரு நாய்க்குட்டிக்கும் மூன்று மாதத்துக்குள் சிப் பொருத்தி, 'அமிகஸ்' என்ற தேசியப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரோடு பதிய வேண்டும். சூரிச் மாநிலத்தில் 2025 ஜூன் முதல், புதிதாக நாய் வாங்கும் எல்லோருக்கும் பயிற்சி வகுப்பு கட்டாயம். நாய்க்கு மட்டும் இல்லை, வளர்ப்பவருக்கும் சேர்த்து. அதே ஆண்டு ஜனவரியில் ராட்வைலரைப் புதிதாக வாங்குவதற்கு சூரிச் தடை போட்டது. சென்னை டிசம்பரில் எடுத்த முடிவை சூரிச் பதினோரு மாதம் முன்பே எடுத்திருக்கிறது.

ஜெர்மனியில் நாய்க்கு வரி உண்டு. உள்ளாட்சிகள் வசூலிக்கும் இந்த வரி பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, அடுத்தடுத்த நாய்களுக்குத் தலா 180 யூரோ. சென்னையின் 50 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரி கட்டியவர் நாயை எங்கும் அழைத்துப் போகிறார், தெருவில் விட்டுவிட்டுப் போவதில்லை. லண்டனில் சுரங்க ரயிலில் நாய்க்கு டிக்கெட்டே வேண்டாம். ஆனால் எஸ்கலேட்டரில் கால் நகம் சிக்கிவிடும் என்பதால் நாயைத் தூக்கிக்கொள்ள வேண்டும். லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு எஸ்கலேட்டரில் நிற்பவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். பொது இடத்தில் நாயின் கழுத்துப் பட்டையில் உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் 1992-ம் ஆண்டு ஆணை. 2016 முதல் இங்கிலாந்தில் சிப்பும் கட்டாயம்.

பழவேற்காட்டுக்குப் பழைய உறவுக்கார நாடு நெதர்லாந்து. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமாக இருந்தது பழவேற்காடு. அவர்களின் கல்லறைத் தோட்டம் இன்றும் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அந்த நெதர்லாந்துதான் இன்று தெருநாய்களே இல்லாத நாடு என்று உலகம் முழுவதும் பேசப்படுகிறது. பிடித்துக் கொன்று தீர்க்காமல் கருத்தடை, தடுப்பூசி, பதிவு, கைவிடுபவருக்குத் தண்டனை என்று பல ஆண்டுகள் விடாமல் செய்ததன் பலன் அது.

எல்லா வெளிநாடும் இப்படி இல்லை. தமிழர்கள் அதிகம் போகும் சிங்கப்பூரில் பேருந்திலும் எம்.ஆர்.டி ரயிலிலும் வழிகாட்டி நாய்கள் தவிர மற்றவற்றுக்கு அனுமதி இல்லை. அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்க வேண்டும். மணி மாதிரி நாட்டுக் கலப்பு நாய்களுக்கு 'அடோர்' என்ற தனித் திட்டத்தில் சில நிபந்தனைகளோடு கதவு திறந்தது. ஜப்பானில் ரயிலில் போகலாம், ஆனால் கூண்டுக்குள். கிழக்கு ஜப்பான் ரயிலில் கூண்டோடு 10 கிலோ வரம்பு, நாய்க்குத் தனிச் சீட்டு.

மாலத்தீவுக்குள் நாயைக் கொண்டுபோகவே முடியாது. ஈரானில் 2019-ல் தலைநகர் டெஹ்ரானில் நாயோடு நடைப்பயிற்சி போவதற்குப் போலீஸ் தடை போட்டது, 2025-ல் வேறு பல நகரங்களுக்கும் அது பரவியது. மதம்தான் காரணம் என்று அவசரப்பட வேண்டாம். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக், 1924 முதல் 60 ஆண்டுகள் நகருக்குள் நாய் வளர்ப்பதையே தடைசெய்திருந்தது. நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நாடாப்புழு நோய்தான் காரணம்.

மணியின் உண்மையான சொந்தக்காரர்களைப் பார்க்க இஸ்தான்புல்லுக்குப் போக வேண்டும். அங்கும் நாய் தெருவுக்குச் சொந்தம், கடைக்காரர்கள் சோறு வைப்பார்கள். 1910-ல் நகரத்தை நவீனமாக்குகிறோம் என்று பல்லாயிரம் நாய்களைப் பிடித்து சிவ்ரியாடா என்ற வறண்ட தீவில் விட்டார்கள். பசியிலும் தாகத்திலும் அவை செத்தன. அந்த நினைவு இன்னும் மறையாத நாட்டில், 2024-ல் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லும் சட்டம் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2023-ல், நம் பக்கத்து நாடான பூடான் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடிந்துவிட்டது என்று அறிவித்தது. அங்கே நாய்கள் தெருவிலேயேதான் இருக்கின்றன.

கருத்தடை நமக்கும் புதிதில்லை. நாய்களைக் கொல்வதை நிறுத்திவிட்டுக் கருத்தடை செய்யலாம் என்று சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே சொன்னது. மாநகராட்சி அதை ஏற்றுத் தொடங்கியது 1996-ல். நாட்டுக்கே முன்னோடியான அந்த வேலையை விடாமல், எல்லா ஊர்களிலும் செய்திருந்தால் இன்று நீதிமன்றம் வரை வந்திருக்காது.

சுண்ணாம்பு வேண்டாம், சோப்பு போதும்

இந்தக் கதையில் ரயிலையும் உணவகத்தையும்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பொது சுகாதாரத் துறைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 2024-ல் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள், வெறிநோயால் 43 மரணங்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த நோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். மனிதருக்கு வெறிநோய் வருவதில் 99 சதவிகிதம் நாய்க்கடியால்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பதும் அந்த நிறுவனம் சொல்லும் கணக்குதான்.

இது பணக்கார நாடுகளால் மட்டும் முடிகிற வேலை என்று தோன்றலாம். ஜப்பான் 1950-ல் வெறிநோய்த் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது போரில் தோற்று, பசியிலிருந்து மீண்டுகொண்டிருந்த நாடு. ஒவ்வொரு நாயையும் பதிவு செய்ய வேண்டும், ஊசி போட வேண்டும் என்றது சட்டம். 1957-க்குப் பிறகு அங்கே எந்த விலங்குக்கும் உள்நாட்டில் வெறிநோய் தொற்றவில்லை. ஏழே ஆண்டுகள்.

ஏரிக்கரை ஊர்களில் நாயும் குழந்தைகளும் ஒரே மணலில் விளையாடுகிறார்கள். விளையாட்டில் பட்ட பல்லை யாரும் கடி என்று எடுத்துக்கொள்வதில்லை, வீட்டில் சொல்வதும் இல்லை. சொன்னாலும் கைக்குக் கிடைத்த சுண்ணாம்பையோ மஞ்சளையோ மிளகாய்ப் பொடியையோ அப்பிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சுண்ணாம்பு ஊர்ப் பெயரில் இருக்கலாம், காயத்தில் இருக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். காயத்தை மூடிக் கட்டக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். முதல் நாள் ஊசி போட்ட பிறகு 3, 7, 28-வது நாள்களில் மறுபடியும் போட வேண்டும். வலி போய்விட்டது, வேலைக்குப் போக வேண்டும் என்று பாதியில் விட்டுவிடுவதுதான் ஆபத்து. காயம் ஆழமாக இருந்தால் அதற்கு இம்யூனோகுளோபுலின் என்ற தனி ஊசியும் தேவைப்படும்.

நாயை எங்கும் விடலாம் என்ற நாடுகளிலும் விடாத இடங்கள் உண்டு. நியூசிலாந்தில் தேசியப் பூங்காக்களுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. பறக்கத் தெரியாத கிவிப் பறவையை ஒரு நாய் நொடியில் தீர்த்துவிடும். பிரிட்டனில் கோடைக்காலத்தில் பல கடற்கரைகள் நாய்களுக்கு மூடப்படும். பழவேற்காடும் பறவைகள் சரணாலயம்தான். ஏரியின் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும் இடம் அது. கடல் பக்கம், பழவேற்காட்டிலிருந்து சென்னை வரையிலான மணலில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. தோண்டித் தின்பதில் நாய்கள் கெட்டிக்காரர்கள் என்பதால், முட்டைகளை இரவோடு இரவாக எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். அந்த மாதங்களில் அந்த மணலில் மணிக்கு வேலை இல்லை என்று சொன்னால் அதில் நாய் வெறுப்பு எதுவும் கிடையாது.

நாயின் பெயரைப் பதிவு செய்வதை வெள்ளைக்காரன் வழக்கம் என்று நினைப்பவர்கள் திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர் நடுகல்லைப் பார்க்கலாம். 7-ம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் கல்லில் நிற்கிறது. கள்வர்களைக் கடித்து, எசமானின் உடலுக்குக் காவல் இருந்த நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. இன்னாருடைய நாய், இன்ன பெயர் என்ற அந்த இரண்டு தகவலைத்தான் இன்று அரிசி மணி அளவு சிப்புக்குள் வைக்கிறார்கள்.

மணிக்கும் அது முடியும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டிக் கால்நடைப் பராமரிப்புத் துறை இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடத்துகிறது. சோறு வைக்கும் வீட்டுக்காரர் யாராவது ஒருவர் ஒரு கயிறு கட்டி மணியை அங்கே இழுத்துப்போக வேண்டும். முதல் முறை கயிறு கட்டினால் மணி நிச்சயம் வர மறுக்கும், ஒரு பன்றிக் கறித் துண்டோ கருவாட்டுத் தலையோ தேவைப்படும். ஊசி போட்டதும் கையில் தரும் அட்டையில் உரிமையாளர் பெயர் என்று ஓர் இடம் இருக்கும். சென்னை மாநகராட்சி உரிமத்துக்கு முதலில் கேட்கும் காகிதம் அதுதான். கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு அந்த அட்டையும் போதாது. வேனுக்குத்தான் சொல்லி வைக்க வேண்டும்.